அவசரத்துக்கு யாரைக் கூப்பிடணும்

தப்பா நினைக்காதீங்க சார். பக்கத்து சீட்டுல உக்காந்துக்கிட்டு காதைப் பொத்திக்க முடியுமா? போன்ல உங்க பையன்தானே? அந்தத் திட்டு திட்டுனீங்களே, அப்பவே தெரிஞ்சுது. நல்லாத் திட்டுங்க. திட்டணும் சார். இப்ப யாரு பிள்ளைகளைத் திட்டுறா? கண்ணு, ராசான்னு கொஞ்சிக்கிட்டே இருந்தா உருப்படுமா?

எம்பொண்ணு இன்னிக்குக் காலையில பத்து மணி பிளேன்ல நெதர்லாந்துக்குப் போயிருக்கு. ஏத்தி விட்டுட்டுத்தான் வர்றேன். பூரணின்னு பேரு. கோயம்புத்தூர்ல பிஎச்.டி. பண்ணுது. ஆறு மாசம் அங்க ஒரு ஆராய்ச்சிக் கூடத்துல இன்டர்ன்ஷிப். நூத்துக்கு மேல எழுதிப் போட்டிருக்காங்க, நாலு பேரைத்தான் எடுத்திருக்கான். அந்த நாலுல ஒண்ணு எம்பொண்ணு. எப்படி? எல்லாம் திட்டி வளர்த்ததுதான்.

நீங்க திருச்சியா? நான் அங்க இறங்கி புதுக்கோட்டைக்கு மாறணும். பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பரா இருக்கேன். வண்டி ரெண்டு நிமிஷம் லேட்டா எடுத்தா மைக்குலயே கேப்பேன், டிரைவர்னும் பார்க்கமாட்டேன், யாருன்னும் பார்க்கமாட்டேன். இந்த வண்டியே பாருங்க, இந்நேரம் விழுப்புரம் தாண்டியிருக்கணும். இப்பத்தான் திண்டிவனம். சரி விடுங்க, நம்ம கையிலயா இருக்கு.

ஜனவரி மாசம் போன் பண்ணிச்சு. "அப்பா, எனக்குக் கிடைச்சிடுச்சுப்பா"ன்னுச்சு. என்னடி கிடைச்சிடுச்சுன்னேன். சொல்லிச்சு. நான் முதல்ல என்ன கேட்டேன்? "எழுதிப் போட்டதை என்கிட்ட ஏன் சொல்லல"ன்னு கேட்டேன். கேக்கணுமா இல்லையா? பெத்த தகப்பன் நான். அது, "கிடைக்கலேன்னா திட்டுவீங்கன்னு சொல்லலப்பா"ன்னுச்சு. நான் போனை வெச்சுட்டேன்.

வெச்சுட்டு என்ன செஞ்சேன் தெரியுமா? நேரா மைக்கைப் போட்டேன். "பயணிகளின் கவனத்திற்கு"ன்னுதான் ஆரம்பிச்சேன். அறந்தாங்கி வண்டி நிக்குது, பொன்னமராவதி வண்டி நிக்குது, ஜனங்க எல்லாம் எந்த வண்டியோன்னு திரும்பிப் பார்க்குது. "நமது நிலைய டைம் கீப்பரின் மகள் செல்வி பூரணி, மேல்படிப்பு ஆராய்ச்சிக்காக நெதர்லாந்து நாட்டுக்குச் செல்ல இருக்கிறார்"னு சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன். கண்டக்டருங்க கை தட்டினாங்க. பூக்கடைக்காரம்மா ஒரு முழம் மல்லி கொண்டாந்து என் மேசையில வெச்சுட்டுப் போச்சு, பொண்ணுக்குன்னு.

பூரணிகிட்ட இதைச் சொல்லல. எதுக்குச் சொல்லணும்? தலைக்கனம் வந்துடும்.

அதோட அம்மாவா? இருக்கா. இருக்கா, என்கூட இல்ல. பூரணிக்கு ஒம்பது வயசு அப்ப. நாலாங்கிளாஸ். ஒண்ணுமில்லாத விஷயத்துக்குப் போனா சார். நான் கை நீட்டினவன் இல்ல. அவளை ஒரு நாள் அடிச்சதில்ல. வாய் மட்டும்தான். அவளுக்கு எல்லாமே லேட்டு. காபி லேட்டு, கோயிலுக்குக் கிளம்பினா லேட்டு. நான் ஒண்ணும் சொல்லக்கூட மாட்டேன், சில நாள் வாட்சை மட்டும் பார்ப்பேன். அதைப் போய் அவங்க அண்ணன்கிட்ட, "அந்த வாட்சைப் பார்த்தாலே எனக்கு வயித்தைப் பிசையுது"ன்னு சொல்லியிருக்கா. வாட்சைப் பார்த்தா வயித்தைப் பிசையுமா, நீங்களே சொல்லுங்க. திருப்பூருக்குப் போயிட்டா, பனியன் கம்பெனியில தையல் வேலைக்கு. ஜெயக்கொடின்னு பேரு.

பிள்ளையை விடமாட்டேன்னுட்டேன். ஒரு தடவை பள்ளிக்கூடத்துக்கே வந்து நின்னிருக்கா, பார்க்கணும்னு. ஹெட்மாஸ்டர்கிட்ட எழுதிக் குடுத்துட்டு வந்தேன், என்னைத் தவிர யாரையும் பார்க்க விடக்கூடாதுன்னு. பிள்ளை மனசு ரெண்டுங்கெட்டானா ஆகிடக் கூடாதில்ல. எல்லாம் அது நல்லதுக்குத்தான். தலை பின்னுறதுல இருந்து எல்லாம் நானே செஞ்சேன். ரெட்டை ஜடை, வகிடு கோணாம எடுப்பேன்.

சரி, எதுல விட்டேன்? இன்டர்ன்ஷிப். அது ஒண்ணும் லேசுப்பட்ட காரியமில்ல சார். அந்தத் தாளு, இந்தத் தாளு, விசா, இன்சூரன்ஸ், காலேஜ்ல இருந்து ஆட்சேபணை இல்லைன்னு ஒரு கடிதாசி. பிறப்புச் சான்றிதழ்ல இங்கிலீஷ்ல பேரு ஒரு எழுத்துத் தப்பு. அதுக்கு நகராட்சிக்கு எட்டு தடவை நடந்தேன். ஒரு பெட்டி வாங்கினேன். கம்பளிச் சட்டை, கையுறை, காதை மூடுற குல்லா. பருப்புப் பொடி நானே வறுத்து அரைச்சேன். பார்சல் ஆபீஸ் தராசுல பெட்டியை வெச்சு வெச்சுப் பார்ப்பேன். இருபத்து மூணு கிலோவுக்கு ஒரு நூல் மேல போகக் கூடாதுன்னு.

பிப்ரவரியில பூரணி ஊருக்கு வந்துச்சு. எல்லாத் தாளையும் நிரப்பிக் கையெழுத்துப் போட்டு ஒரு பைல்ல வெச்சுக் குடுத்துச்சு. அதுக்கு வேதாரண்யம் பக்கம் மண்ணு எடுக்கப் போகணும். கடல் தண்ணி ஏறிப்போன வயல்ல மறுபடி எப்படி நெல்லு விளைய வைக்கிறதுங்கிறதுதான் அதோட ஆராய்ச்சி. அங்க சிக்னல் கிடைக்காதாம். "சான்றிதழ் வந்ததும் எல்லாத்தையும் சேர்த்து ஸ்கேன் பண்ணி இந்த மெயிலுக்கு அனுப்பச் சொல்லிடுங்கப்பா. வேற எதுவும் செய்ய வேணாம்"னு சொல்லிட்டுப் போச்சு.

சான்றிதழ் வந்துச்சு. கனி பாய் கடைக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்ல ஜெராக்ஸ் கடை, நல்ல மனுஷன். அவரு ஒவ்வொரு தாளா மெஷின்ல வைக்கிறாரு. நான் சும்மா இருப்பேனா? ஒவ்வொண்ணையும் படிச்சுப் பார்க்குறேன். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். மூணாவது தாள்ல ஒரு கட்டம். அதுல பார்த்தா ஜெயக்கொடின்னு எழுதியிருக்கு. மதர்னு எழுதியிருக்கு. திருப்பூர் விலாசம், போன் நம்பர்.

"பாய், இது என்ன கட்டம்?"னேன்.

கண்ணாடியை இறக்கிப் பார்த்தாரு. "ஆபத்து அவசரம்னா யாருக்குப் போன் பண்ணணும்னு கேக்குறான் சார்."

அவ நம்பர் பூரணிக்கு எப்படித் தெரியும்? அப்பத்தான் ஒவ்வொண்ணா ஓடுது. காலேஜ் சேரும்போது, திருச்சியில இடம் கிடைச்சும் கோயம்புத்தூர்தான் வேணும்னு ஒத்தைக் கால்ல நின்னுச்சு. தண்ணி நல்லா இருக்கும், காத்து நல்லா இருக்கும்னு சொல்லிச்சு. நானும் நம்பினேன். கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் எவ்வளவு தூரம்? பஸ்ல ஒண்ணரை மணி நேரம். டைம் கீப்பர் சார் நான். எட்டு வருஷமா எனக்கு அந்தக் கணக்கு தோணல.

"பாய், ஒயிட்னர் இருக்கா?"னு கேட்டேன்.

"சார், பொண்ணு கையெழுத்துப் போட்ட தாளு. அதைக் கேட்டுட்டு..."

"நான் அது அப்பன் பாய்."

வெள்ளையைத் தடவினேன். காயிற வரைக்கும் ஊதினேன். மேல என் பேரை எழுதினேன், பாதர்னு எழுதினேன், என் நம்பரைப் போட்டேன். அனுப்பிட்டாரு. நான் செஞ்சதுல என்ன தப்பு? ஜுரம் வந்தா ராத்திரியெல்லாம் முழிச்சது யாரு? வயசுக்கு வந்தப்ப பக்கத்து வீட்டு வாசல்ல போய் நின்னு, "அக்கா, எனக்கு ஒண்ணும் தெரியல, வந்து பாருங்க"ன்னு தலையைக் குனிஞ்சு கேட்டது யாரு? அவளா?

பத்து நாள்ல நெதர்லாந்துக்காரன் பூரணி மெயிலுக்குக் கடிதாசி போட்டுட்டான். முன்னாடி கம்ப்யூட்டர்ல நிரப்பினதுல ஒரு பேரு இருக்கு, இதுல வேற பேரு இருக்கு, அதுவும் அழிச்சு எழுதியிருக்கு, இந்தத் தாளுங்க செல்லாதுன்னு. விசாவுக்கு வாங்கி வெச்சிருந்த தேதி போச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள விளக்கம் வரலேன்னா அஞ்சாவது ஆளுக்கு இடத்தைக் குடுத்துடுவேன்னு எழுதியிருக்கான். பூரணி வேதாரண்யத்துல சேத்துல நின்னுக்கிட்டு இருக்கு, அதுக்கு எதுவும் தெரியாது. வியாழக்கிழமை சிக்னல் கிடைக்கிற இடத்துக்கு வந்து பார்த்திருக்கு. அங்கேயே ஒரு டீக்கடையில உக்காந்து விளக்கம் எழுதி அனுப்பியிருக்கு.

சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்துச்சு. செருப்புல சேறு காயாம இருக்கு. சத்தம் போடல. "ஏன்பா இப்படிச் செஞ்சீங்க"ன்னுச்சு, அவ்வளவுதான்.

"என்னன்னு விளக்கம் எழுதினே?"ன்னு கேட்டேன்.

"எங்க அப்பா வயசானவர், தெரியாம செஞ்சுட்டாருன்னு எழுதினேன்."

வயசானவராம். எனக்கு அம்பத்தேழு சார். சர்வீஸ் இன்னும் மூணு வருஷம் இருக்கு.

கோவம் வந்துடுச்சு. "எத்தனை வருஷமாடி அவளைப் பார்க்குற?"ன்னேன். காலேஜ் சேர்ந்த ரெண்டாவது மாசத்துல இருந்துன்னுச்சு. ஒளிக்கல. ஞாயித்துக்கிழமையில போவேன், அம்மா மீன் குழம்பு வெப்பாங்க, சாப்பிட்டுட்டுத் தூங்குவேன், சாயங்காலம் வந்துடுவேன்னுச்சு. "சும்மா தூங்குறதுக்கா ஒண்ணரை மணி நேரம் பஸ்ல போன?"ன்னேன். "ஆமாப்பா. அங்க தூக்கம் வரும்"னுச்சு.

நான் சொன்னேன், "உனக்கு ஒண்ணுன்னா துடிச்சுப் போறவன் நான். என் பேரைப் போட உனக்கு ஏன் கை வரல?"

அது கேட்டுச்சு சார். நிதானமாக் கேட்டுச்சு. "அப்பா, அங்க நான் எங்கயாவது விழுந்துட்டேன்னு உங்களுக்குப் போன் வருது. முதல்ல என்ன கேப்பீங்க?"

"எங்க அடிபட்டுச்சுன்னு கேப்பேன்."

"இல்லப்பா. எதுக்கு அவ அங்க போனான்னு கேப்பீங்க."

நான் வாட்சைப் பார்த்தேன்.

"எட்டாவது படிக்கும்போது சைக்கிள்ல இருந்து விழுந்தேன், ஞாபகம் இருக்கா? நடு ரோட்டுல, அத்தனை பேர் பார்க்க, ஓடி வந்து முதல்ல ஒரு அறை விட்டீங்க. அப்புறம்தான் தூக்கிட்டுப் போனீங்க. எந்தக் கன்னத்துல அடிச்சீங்கன்னு எனக்கு இப்பவும் தெரியும்பா. எந்தக் கை உடைஞ்சதுன்னு யோசிச்சுத்தான் சொல்லணும்."

இடது கை சார். மணிக்கட்டுக்கு மேல. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஆஸ்பத்திரி வரைக்கும் தோள்ல போட்டுக்கிட்டு ஓடினேன், ஆட்டோ நிறுத்தக்கூடத் தோணல. பயம் சார். பயத்துல கை தானா ஓங்கிடுது. பிள்ளை கீழ கிடக்குறதைப் பார்த்தா எந்தத் தகப்பனுக்கும் புத்தி நிக்குமா? இதை அதுகிட்ட சொல்லியிருக்கலாம். பயந்துட்டேன்மான்னு ஒரு வார்த்தை. அது வரல. வேற வந்துச்சு.

"சரி போ. அவளே உனக்குப் போதும். நாளைக்கு நான் செத்தா உனக்குப் போன் பண்ணக் கூடாதுன்னு எழுதி வெச்சுட்டுத்தான் சாவேன்"னு சொன்னேன்.

சொன்னேன் சார். இந்த வாயாலதான் சொன்னேன்.

அது பையைத் தோள்ல மாட்டிக்கிச்சு. வாசல்ல குனிஞ்சு செருப்பை மாட்டுச்சு. நிமிராமலே, "சாப்பிட்டுட்டு பிரஷர் மாத்திரையைப் போட்டுடுங்கப்பா"ன்னுச்சு. போயிடுச்சு.

அப்புறம் ஒரு மாசம் பேச்சு இல்ல. நானும் பண்ணல. மாத்திரை மட்டும் விடாமப் போட்டேன். விசா வந்துச்சா வரலையான்னு தெரியல. ஆனாலும் பெட்டியை அடுக்கிக்கிட்டேதான் இருந்தேன். ஒரு சால்வை வாங்கி வெப்பேன், தராசுல வெச்சுப் பார்ப்பேன், எதையாவது வெளியில எடுப்பேன். கனி பாய்தான் ஒரு நாள் கேட்டாரு, "பொண்ணு பேசிச்சா சார்?"னு. பேசிச்சேன்னு சொல்லிட்டேன்.

போன வாரம் வாட்ஸ்அப்ல வந்துச்சு. தேதி, மணி, சென்னையில இருந்துன்னு. கீழ ஒரு வரி. "வரணும்னு கட்டாயம் இல்லப்பா." இதுக்கு என்ன அர்த்தம்? வாங்கன்னா, வராதீங்கன்னா? நூறு தடவை படிச்சேன்.

நேத்து சாயங்காலம் கிளம்பிட்டேன். வழி நெடுக ஒரே வார்த்தையைத்தான் மனசுல சொல்லிக்கிட்டு வந்தேன். "கோவத்துல பேசிட்டேன்மா, மனசுல வெச்சுக்காத." அவ்வளவுதான். சின்ன வார்த்தைதானே? உதட்டை அசைச்சு அசைச்சுப் பழகினேன். விமான நிலையத்துல அஞ்சரைக்கெல்லாம் நின்னுட்டேன். நமக்குத்தான் லேட்டுங்கிற பேச்சே கிடையாதே.

ஆறே முக்காலுக்கு வந்தாங்க. ரெண்டு பேரும். தூரத்துல இருந்து பார்த்தா எது தாய் எது மகள்னு தெரியல. ரெண்டும் ஒரே மாதிரி ஒரு காலை ஊன்றி இடுப்புல கை வெச்சு நிக்குது. ஜெயக்கொடிக்கு முன்னந்தலை பூரா நரைச்சுப் போச்சு. தள்ளுவண்டியில ரெண்டு பெட்டி, பெரிசு. அவ அடுக்கிக் குடுத்திருக்கா. நான் என் பெட்டியை இழுத்துக்கிட்டு ஒரு தூணுக்குப் பின்னாடி போயிட்டேன். ஏன் போனேன்னு கேக்காதீங்க. கால் தானாப் போச்சு.

ஜெயக்கொடிதான் பார்த்துட்டா. நேரா வந்தா. பதினாறு வருஷம் கழிச்சு எதிர்ல நிக்கிறா. "வாங்க"ன்னா. விருந்தாளியைக் கூப்பிடுற மாதிரி. "உங்களைத்தான் தேடிக்கிட்டு இருக்கா. பஸ்ஸு வர்ற பக்கமே பார்த்துக்கிட்டு இருக்கா. வாங்க, உள்ள போகணும் அவ."

போனேன். பூரணி என்னைப் பார்த்துச்சு, பெட்டியைப் பார்த்துச்சு. அழுதுடும்போல இருந்துச்சு, அழல. அங்கேயே தரையில உக்காந்து பெட்டியைத் திறந்துச்சு. அதோட பெட்டி ரெண்டும் நிறைஞ்சு கட்டியாச்சு, இடமில்ல. ஆனாலும் கம்பளிச் சட்டையை எடுத்து இடுப்புல கட்டிக்கிச்சு. பருப்புப் பொடி டப்பாவை எடுத்து மோந்து பார்த்துச்சு. சிரிச்சுக்கிட்டே கைப்பையில வெச்சுச்சு.

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"அறிவிருக்கா? கைப்பையில பொடியெல்லாம் விடமாட்டான். இதுகூடத் தெரியாமத்தான் வெளிநாடு கிளம்பிட்டியா?"ன்னேன்.

அது முகத்தைப் பார்க்கணுமே. சிரிச்ச சிரிப்பு அப்படியே நின்னு போச்சு. டப்பாவை எடுத்து மறுபடி என் பெட்டியில வெச்சு, மூடி, ஜிப்பை இழுத்துச்சு. "சரிப்பா"ன்னுச்சு. எந்திரிச்சு அம்மாவைக் கட்டிப் பிடிச்சுது. என் கையை எடுத்து ரெண்டு கையாலயும் பிடிச்சுது. "ஏதாவது சொல்லணுமாப்பா?"ன்னு கேட்டுச்சு. கேட்டுச்சு சார்! அதுக்கு மேல எப்படிக் கேக்கும்?

"பாஸ்போர்ட் பத்திரம். மணி ஏழாச்சு, கிளம்பு"ன்னேன்.

போயிடுச்சு. டிக்கெட் இல்லாதவங்களை உள்ள விடமாட்டாங்களே. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசையில நிக்கிறது மட்டும் தெரியுது. ஒரு தடவை திரும்பிப் பார்த்துச்சு. நான் கையை ஆட்டினேன், போ போன்னு. வரிசை நகர்ந்துச்சு. ஆளு மறைஞ்சு போச்சு. மறைஞ்சதுக்கு அப்புறம் வந்துச்சு சார் அந்த வார்த்தை. தானா வந்துச்சு. கண்ணாடிகிட்ட நின்னுக்கிட்டு, வாய் விட்டுச் சொல்றேன். "கோவத்துல பேசிட்டேன்மா. மனசுல வெச்சுக்காத. தப்புதான்."

பக்கத்துல ஜெயக்கொடி நிக்கிறதை நான் கவனிக்கல.

முந்தானையால மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டா. அப்புறம் சொன்னா, "பதினாறு வருஷம் கழிச்சாவது சொல்லணும்னு தோணுச்சே உங்களுக்கு. போதும். அதுவே போதும்"னு.

உனக்குச் சொல்லலன்னு எப்படி சார் சொல்றது? வாய் வரைக்கும் வந்துடுச்சு. உனக்கு இல்ல ஜெயக்கொடி, பிள்ளைக்குச் சொன்னதுன்னு. அவ நரைச்ச தலையும், அழுத மூஞ்சியும், ஏதோ பாரத்தை இறக்கி வெச்ச மாதிரி நிக்கிறா. வாய் வரைக்கும் வந்ததை நான் முழுங்கினது, பிறந்ததுல இருந்து இன்னிக்குத்தான். அவகிட்ட தப்புன்னு சொல்ல எனக்கு என்ன இருக்கு? நான் அடிச்சதில்ல. கை நீட்டினதில்ல. வாட்சைத்தான் பார்த்தேன். ஆனா அவ அப்படி அழுறா சார். ஒண்ணுமே இல்லாததுக்கு ஒருத்தி அப்படி அழுவாளா?

அப்புறம் போனை எடுத்தா. "அவ இறங்கினதும் எனக்குத்தான் முதல்ல சொல்லுவா. உங்க நம்பரைக் குடுங்க, உடனே உங்களுக்குச் சொல்றேன்"னா. சொன்னேன். பேரு போடுற இடத்துல விரலை வெச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் யோசிச்சா. "பூரணி அப்பா"ன்னு போட்டுக்கிட்டா.

நாளைக்கு விடியறதுக்குள்ள போன் வரும். எனக்குப் பூரணிகிட்ட இருந்து வராது, இவகிட்ட இருந்துதான் வரும். இறங்கிட்டாங்கன்னு சொல்லுவா. நான் சரின்னு சொல்லுவேன். ரெண்டு வார்த்தையில முடிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் அவ போனை வைக்காம இருந்தான்னா? நீங்க சம்சாரத்தோட இருக்கிறவரு, உங்களுக்குத் தெரியும். சரின்னு சொன்னதுக்கு அப்புறம் என்ன சார் பேசுறது?